மனிதனுக்கு அறிவு, விலங்குக்குப் பழக்கம்: இந்தப் பிரிவு சரிதானா?

"மனிதன் யோசித்துச் செயல்படுகிறான், விலங்கு பழக்கத்தில் ஓடுகிறது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. எலியும் யோசிக்கும். நாமும் நாளில் பாதியை யோசிக்காமலே ஓட்டுகிறோம்.

1982-இல் ஆடம்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. விசையை அழுத்தினால் சர்க்கரை உருண்டை விழும். சில எலிகள் 100 முறை அழுத்தி உருண்டை வாங்கிப் பழகின. வேறு சில 500 முறை. பிறகு அந்த உருண்டையைத் தனியாகத் தின்னவிட்டு, குமட்டலை உண்டாக்கும் மருந்தை ஏற்றினார்கள். உருண்டை என்றாலே எலிகளுக்கு வெறுப்பு வந்துவிட்டது. இப்போது மறுபடியும் விசைக்கு முன்னால் விட்டார்கள். இந்த முறை அழுத்தினாலும் ஒன்றும் விழாது. 100 முறை பழகியவை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. 'அழுத்தினால் அந்த உருண்டைதானே வரும், அது எதற்கு?' என்ற கணக்கு உள்ளே ஓடாமல் இது நடக்காது. 500 முறை பழகியவையோ, தமக்கே பிடிக்காத உருண்டைக்காக முன்போலவே அழுத்திக்கொண்டிருந்தன. ஒரே இனம், ஒரே விசை. திரும்பத் திரும்பச் செய்ததில், யோசனை இருந்த இடத்தில் பழக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது.

எலிதானே என்று விட்டுவிட வேண்டாம். 2011-இல் வெளியான ஆய்வில், திரையரங்குக்கு வந்தவர்களுக்கு ஏழு நாள் பழைய பாப்கார்னைக் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது பாப்கார்ன் தின்றே பழகியவர்கள், நன்றாக இல்லை என்று சொன்னாலும், புதியதைத் தின்னும் அளவுக்கு அதையும் தின்று தீர்த்தார்கள். இன்னொரு சோதனையில் அதே பழக்கமுள்ளவர்கள் வழக்கமில்லாத கையால் எடுத்துத் தின்ன வேண்டியிருந்தபோது, பழையதைக் குறைத்துக்கொண்டார்கள். கை மாறியதும் நாக்கு சொல்வது காதில் விழுந்திருக்கிறது.

நினைவில் வைப்பதற்கும் பழகிக்கொள்வதற்கும் மூளையில் தனித்தனி வழிகள் இருப்பதை எச்.எம். என்று மருத்துவ உலகில் அறியப்பட்ட நோயாளி காட்டினார். வலிப்புக்காக 1953-இல் செய்த அறுவைக்குப் பிறகு அவருக்குப் புதிய நினைவுகள் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் முந்தைய நாள் வரைந்த ஞாபகமே அவருக்கு இல்லை. சித்திரமும் கைப்பழக்கம் என்பது சொல்லுக்குச் சொல் உண்மையாகிறது.

பழக்கம் கையோடு நின்றுவிடாது, யோசிக்கும் விதத்திலேயே ஏறிக்கொள்ளும். உளவியலாளர் லூச்சின்ஸ் 1942-இல் வெளியிட்ட ஜாடிக் கணக்கை என் அக்கா மகனிடம் கொடுத்துப் பார்த்தேன். கணக்கில் கெட்டிக்காரன். 21, 127, 3 அளவுள்ள மூன்று ஜாடிகளை வைத்துக்கொண்டு 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127-இல் 21-ஐக் கழித்து, 3-ஐ இரண்டு முறை கழித்தால் போதும். இதே வழியில் விடை வரும் கணக்குகளாக இன்னும் சிலவற்றைச் செய்தான். அடுத்து 23, 49, 3 கொடுத்து 20 கேட்டேன். சற்றும் தயங்காமல் 49-இல் 23-ஐக் கழித்து, மூன்றை இருமுறை கழித்துவிட்டு நிமிர்ந்தான். விடை சரிதான். ஆனால் 23-இல் 3 போனால் 20 என்பது அவன் கண்ணிலேயே படவில்லை! முன் கணக்குகளைச் செய்யாத ஒருவர் அதைச் சட்டென்று பார்த்துவிடுவார். இங்கே கண்ணை மறைத்தது மந்த புத்தி இல்லை, நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரு வழி.

அப்படியானால் நமக்கும் விலங்குக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, கற்றுக்கொள்ளும் விதத்தில். 2005-இல் ஹார்னர், வைட்டன் என்ற ஆய்வாளர்கள் ஒரு பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் முறையைச் சிம்பன்சிகளுக்கும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் செய்து காட்டினார்கள். நடுவே, மேல் துளையில் குச்சியை விட்டுக் குத்துவது போன்ற வீண் வேலைகளையும் சேர்த்துக் காட்டினார்கள். உள்ளே தெரியாத பெட்டி என்றால் சிம்பன்சிகளும் அதையெல்லாம் செய்தன. உள்ளே தெரியும் பெட்டியில், அந்தத் துளைக்கும் பரிசுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டன. குழந்தைகளோ உள்ளே தெரியும் பெட்டியிலும் எல்லாவற்றையும் அப்படியே செய்தார்கள்.

இதை வைத்து யாருக்கு அறிவு அதிகம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் புரிந்த பிறகுதான் செய்வேன் என்று ஒரு குழந்தை இருந்தால், எழுத்தும் எண்ணும் பழகவே முடியாது. எத்தனையோ பேர் யோசித்துக் கண்டதை அது பழக்கமாக, காரணம் தெரியாமலே வாங்கிக்கொள்கிறது. அதோடு சேர்ந்து அந்த வீண் குத்தல்களும் வருகின்றன. அவற்றைச் சலித்தெடுக்கும் வேலை வளர்ந்த பிறகு நம் தலையில்தான் விழுகிறது.