சேலைக் கடைக்கு எத்தனை செயலி வேண்டும்?

கேள்வி: சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். நானும் கணவரும்தான் கவனிக்கிறோம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், டெலிகிராம் என்று நான்கிலும் கணக்குத் திறந்தோம். எதிலும் தொடர்ந்து பதிவு போட முடியவில்லை. இணையதளம் இல்லாமல் இனி வியாபாரமே கிடையாது என்கிறான் தம்பி. வெளியூர்க்காரர்களுக்கு விற்க எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: கடைசியாக வெளியூரிலிருந்து வாங்கிய இருபது பேரிடம், எங்கள் கடை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று முதலில் கேளுங்கள். நான் ஆலோசனை சொன்ன சேலைக் கடைகளில் அதிகம் கேட்ட பதில், “எங்க அக்கா உங்க நம்பர் கொடுத்தாங்க” என்பதுதான். உங்களுக்கும் அதே பதில் வந்தால், உங்கள் கடை நடப்பது வாட்ஸ்அப்பில். இருக்கிற நேரத்தில் பெரும்பகுதியை அங்கே போடுங்கள்.

சாதாரண வாட்ஸ்அப் வேண்டாம், வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இறக்குங்கள். அதுவும் இலவசம்தான். வீட்டு நம்பரைக் கொடுக்காமல் கடைக்கென்று ஒரு சிம் வாங்குங்கள். கடையின் லேண்ட்லைன் நம்பரிலும் தொடங்கலாம். அதிலுள்ள கேட்டலாகில், அதாவது படமும் விலையும் போட்ட பொருள் பட்டியலில், 500 பொருட்கள் வரை சேர்க்கலாம். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு எண், ஒரு விலை. “விலைக்கு இன்பாக்ஸ் வாங்க” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விலை தெரியாத சேலையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். வந்த ஆர்டருக்கு ‘பணம் வரணும்’, ‘கூரியர் போச்சு’ என்று லேபிள் ஒட்டிக்கொண்டால், யாருக்கு அனுப்பினோம் என்று இரவில் தேட வேண்டியிருக்காது. சலவைக் குறிப்பைக் குயிக் ரிப்ளையாக, அதாவது வேண்டும்போது அப்படியே அனுப்பும் தயார் பதிலாக, ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் போதும்.

புதுச் சரக்கு வந்ததைச் சொல்லக் குரூப் தொடங்காதீர்கள். குரூப்பில் ஒருவர் நம்பர் எல்லாருக்கும் தெரியும். பெண் வாடிக்கையாளர்கள் பலர் அதனாலேயே வெளியேறுவார்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். ஆகவே ஒவ்வொரு பார்சலிலும், “புதுச் சேலை வந்தால் தகவல் வேண்டுமா? இந்த நம்பரைச் சேமித்து ‘சரி’ என்று அனுப்புங்கள்” என்று ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். கேட்காதவர்களுக்குத் தினமும் அனுப்பினால் புகார் போகும், கணக்கே முடங்கலாம்.

புது ஆட்கள் வருவதற்கு இன்ஸ்டாகிராம் ஒன்று போதும். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சுங்குடியில், முடிச்சு அவிழ்ந்து புள்ளிகள் விரிகிற அந்த நொடியைக் காட்டினாலே பார்ப்பவர் நின்றுவிடுவார். வாரம் இரண்டு வீடியோ, அவ்வளவுதான். அச்சுச் சேலையை முடிச்சுச் சேலை என்று மட்டும் போடாதீர்கள். ஒருவர் கண்டுபிடித்துவிட்டால் அத்தனை பேரின் நம்பிக்கையும் போய்விடும். படத்தைக் காலை வெளிச்சத்தில் எடுங்கள். டியூப்லைட்டில் எடுத்த மாம்பழ மஞ்சள், பார்சலைப் பிரிக்கும்போது எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். சேலை திரும்பி வரும். முந்தானை, கரை இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்ய ஒரு நாள் ஒதுக்குங்கள். செலவு கிடையாது. திண்டுக்கல்–மதுரை சாலையில் காரில் போகிறவர்கள் ‘சுங்குடிச் சேலை’ என்று தேடும்போது உங்கள் கடை, நேரம், நம்பர் மூன்றும் தெரிய வேண்டும்.

தம்பி சொல்வதில் தவறில்லை, ஆனால் இப்போதைக்கு அவசரமில்லை. வாட்ஸ்அப்பில் சமாளிக்க முடியாத அளவுக்கு ஆர்டர் வரட்டும், அப்போது இணையதளம் தொடங்கலாம். விற்றுப்போன சேலையை அன்றாடம் நீக்க ஆள் இல்லாத இணையதளத்தால் சண்டைதான் வரும்.

நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று உண்டு. வாங்கியவர் பெயர், ஊர், போன் நம்பர், பிடித்த நிறம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. மூன்றுக்கும் ஒரே நிறுவனம்தான் முதலாளி. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்குக்குத் தடை வந்தபோது, அதை மட்டுமே நம்பி விற்றவர்களுக்கு வாடிக்கையாளரைத் திரும்பக் கூப்பிட ஒரு நம்பர்கூடக் கையில் இல்லை.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரட்டைச் சரிபார்ப்புக்கான (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) பின் நம்பரை இன்றே போட்டுவிடுங்கள். ஆறு இலக்க ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சேலையைப் பார்சல் கட்டாதீர்கள், வங்கிக் கணக்கில் ஏறியதைப் பாருங்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ஃபேஸ்புக், யூடியூப், டெலிகிராம் கணக்குகளை அழிக்க வேண்டாம். “ஆர்டருக்கு வாட்ஸ்அப்” என்று நம்பரோடு ஒரு பதிவைப் போட்டு விட்டுவிடுங்கள். பழைய பதிவோடு நின்ற பக்கத்தைப் பார்ப்பவர், கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். வீட்டு வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு மேல்தான் பலர் சேலை பார்க்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் கடை போன் யார் கையில் இருக்கும் என்று நீங்களும் கணவரும் இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள்.