வாசகர் கேள்வி பதில்: கேக்கிறதுக்கு மூளை ஏன் சத்தத்த அடக்குது?

கேள்வி: ராத்திரியில நுவரெலியா றம்பொட ரோட்டுல வேன் ஓட்டுறேன். பனி மூடிட்டா பத்தடிக்கு அங்கால ஒண்ணும் தெரியாது, ஆனா எதுக்க வர்ற லொறி எந்தப் பக்கத்து வளைவுல ஹோர்ன் அடிக்குதுன்னு சட்டுனு புரிஞ்சிருது. இது பழக்கமா இல்ல காதுலயே ஏதும் இருக்கா? (வேன் சாரதி, றம்பொட)

பதில்: பழக்கமும் உதவும் அண்ணே, ஆனா பெரிய வேலை நடக்கிறது மூளைத்தண்டுல, அதாவது மூளைய முதுகுத்தண்டு நரம்போட சேக்கிற அடிப்பகுதியில. இடப்பக்கம் இருந்து வர்ற சத்தம் இடது காதுல முதல்ல விழுந்து, தலைய சுத்திக்கிட்டு வலது காதுக்கு பிந்திப் போகும். எவ்வளவு பிந்தும்னா, கூடினா 0.7 மில்லிசெக்கன் அளவுதான். நேரா முன்னுக்கு இருக்கிற சத்தம் ஒரு துளி விலகினாலும் நமக்கு தெரியுதுல்ல, அந்த நேரத்துல ரெண்டு காதுக்கும் உள்ள வித்தியாசம் 10 மைக்ரோசெக்கன் கிட்ட, அதாவது ஒரு செக்கன்ல லட்சத்துல ஒரு பங்கு. ஒரு நரம்பு செல் ஒரு தடவை துடிச்சு முடியவே ஒரு மில்லிசெக்கன் கிட்ட ஆகும், அப்படிப்பட்ட செல்கள வச்சுக்கிட்டு இத எப்படி அளக்குதுங்கிறதுதான் எனக்கு இன்னைக்கும் மலைப்பா இருக்கிற விஷயம்.

1948ல லாய்ட் ஜெஃப்ரஸ்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் ஒரு விளக்கம் சொன்னாரு. ஒரு காதுல இருந்து வர்ற நரம்பு நீளம், மத்தது கட்டை, பிந்தி வந்ததும் முந்தி வந்ததும் எந்த செல்லுல ஒரே நேரத்துல போய் சேருதோ அந்த செல்தான் திசைய சொல்லுதுன்னு. கூகை ஆந்தைக்கு இது நல்லா பொருந்துச்சு. பாலூட்டிகள்ல தேடிப் பாத்தா கதை வேற மாதிரி போகுது, ஏன்னா திசைய அளக்குற செல்கள் இருக்கிற இடத்துக்கு தூண்டுற சிக்னல் மட்டும் வரல, "பேசாத"ன்னு அடக்குற சிக்னலும் அவ்வளவு வேகமா வருது. அத கொண்டு வர்ற ரசாயனம் கிளைசின், அமினோ அமிலங்கள்லயே ஆகச் சின்னது. ஒரு காதோட தூண்டல வாங்கி அடக்கலா மாத்தி அனுப்புறதுக்குன்னே மூளைத்தண்டுல ஒரு செல் கூட்டம் இருக்கு, அதுல வந்து சேர்ற நரம்பு முனை அந்த செல்ல சுத்தி வளைச்சு பிடிச்சிருக்கும், மூளையில உள்ள ரொம்பப் பெரிய நரம்பு இணைப்புகள்ல அதுவும் ஒண்ணு. ஹான்ஸ் ஹெல்ட்னு ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 1893லேயே அத விவரிச்சு எழுதிட்டாரு. ஏன் அவ்வளவு பெருசுன்னா, தாமதமே இருக்கக் கூடாது.

2002ல பெனடிக்ட் க்ரோத்தே, டேவிட் மெக்கல்பைன்ங்கிற ஆராய்ச்சியாளர்களோட குழு ஜெர்பில்னு சொல்ற பாலைவன எலியில பாத்தாங்க. கிளைசின் வேலை செய்யாம ஸ்ட்ரிக்னின்ங்கிற விஷத்த வச்சு தடுத்தப்போ, திசைய அளக்குற செல்களோட கணக்கே நகந்து போச்சு, ரெண்டு காதுக்கும் ஒண்ணா வர்ற சத்தத்துக்குத்தான் அதுங்க கூடுதலா துடிச்சுது, இடமா வலமான்னு பிரிச்சுக் காட்டுற கூர்மை குறைஞ்சிருச்சு. ஸ்ட்ரிக்னின் வேற ஒண்ணுமில்ல, நம்ம நாட்டு வறண்ட காட்டுலயும் வளர்ற எட்டி மரத்து விதையில இருக்கிற விஷம்தான். எட்டிக்காய தின்னவனுக்கு உடம்பு விறைச்சு இழுக்கிறதும் இதே காரணத்தாலதான், அடக்குற சிக்னல் நின்னா தசை எல்லாம் ஒண்ணா இறுகிரும். அடக்கல் சரியா எப்படி இந்த நேரக் கணக்க செய்யுதுங்கிறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் வாக்குவாதம் ஓடுது.

இந்த நேரக் கணக்கு தடிச்ச, அதாவது சுருதி தாழ்ந்த சத்தத்துக்கு. கீச்சுனு வர்ற சத்தத்துக்கு தலையே மறைப்பு ஆகிரும், தூரத்துக் காதுல சத்தம் குறைவா விழும். அதுக்கு வேற செல்கள் இருக்கு, தன் பக்கத்துக் காது தூண்டும், மறுபக்கத்துக் காது கிளைசினால அடக்கும், மிஞ்சுறது எவ்வளவோ அதுதான் திசை. பாறையில பட்டு வர்ற எதிரொலிய அமுக்கி முதல்ல வந்த சத்தத்துக்கு இடம் குடுக்கிறதுலயும் அடக்கலுக்கு பங்கு இருக்கு. ஆனா எதுத்த மலையில பட்டு நல்லா பிந்தி வர்றது தனிச் சத்தமாவே கேக்கும், அது ஏமாத்தும். அதனால காத நம்பி வளைவுல முந்தாதீங்க அண்ணே.

கேள்வி: ஏ லெவல் பயோ படிக்கிறேன். காபா, கிளைசின் ரெண்டும் அடக்குற ரசாயனம்னு நோட்ஸ்ல இருக்கு. எப்பவுமே அப்படியா? (மாணவி, தலவாக்கலை)

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. எப்பவும் இல்ல. காபாவும் கிளைசினும் பொதுவா திறக்கிறது செல்லோட சுவர்ல, குளோரைட்ங்கிற மைனஸ் மின்னேற்றத் துகள் போய் வர்ற வாசல. வளந்த செல்லுக்குள்ள குளோரைட் குறைவு, வாசல் திறந்தா உள்ள வரும், செல் அடங்கும். பிறந்த புதுசுல எலிக்குட்டியோட செல்லுக்குள்ள குளோரைட் நிறைய கிடக்கும், வாசல் திறந்தா வெளிய போகும், செல் தூண்டப்படும். குளோரைட்ட வெளிய தள்ளுற கேசிசி2ங்கிற புரதம் வேலைக்கு வந்தப்புறம்தான் நிலைமை தலைகீழாகுது. இதுல அழகு என்னன்னா, எலிக்குட்டிக்கு காது கேக்க ஆரம்பிக்கிறது பிறந்து 12 நாள் கிட்ட, அதுக்கு முந்தியே திசை அறியிற இடத்துக்கு வர்ற அடக்குற இணைப்புகள்ல முக்கால்வாசி கழிஞ்சு, மிச்சம் உள்ளது பலமாகிரும். சத்தமே கேக்காத காலத்துல காதுக்குள்ள தானா எழும்புற துடிப்புதான் அத செதுக்குது. பரீட்சைக்கு நோட்ஸ்ல உள்ளபடி எழுதுங்க, ஆனா இத மறந்துராதீங்க.

கேள்வி: தேயிலை பெக்டரியில ரோலர் பக்கம் ரொம்ப வருசமா வேலை. ராத்திரி லயத்துல எல்லாம் அடங்கினப்புறம் காதுக்குள்ள "ங்ங்"னு சத்தம். வெளிய சத்தமே இல்லாதப்போ எங்கிருந்து வருது? (தொழிலாளி, பொகவந்தலாவ)

பதில்: உங்க கடிதத்த படிச்சு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஏன்னா இந்த நிலைமை மலையகத்துல நிறைய பேருக்கு இருக்கு, யாரும் பெருசா பேசுறதில்ல. உள்காதுல சத்தத்த பிடிக்கிற மயிர் செல்கள் உண்டு, மனுசனுக்கு ஒரு காதுக்கு உள்வரிசையில 3,500 கிட்ட, வெளிவரிசையில 12,000 கிட்ட. பாலூட்டிகளுக்கு அது செத்தா திரும்ப முளைக்காது. காதுல இருந்து வர்ற சிக்னல் குறைஞ்சதும் மூளை அத ஈடுகட்டப் பாக்குது, அடக்குற காபாவும் கிளைசினும் சில இடங்கள்ல தளரும், செல்கள் தாமாவே கூடுதலா துடிக்கும். ஸ்டேஷன் சரியா எடுக்காத ரேடியோவுல வொலியூம கூட்டினா இரைச்சலும் சேந்து கூடுதே, அந்த மாதிரி. அந்த இரைச்சல்தான் உங்களுக்கு கேக்குதுன்னு நிறைய ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க.

மூளையில இருந்து காதுக்கே இறங்குற அடக்கல் நரம்பும் ஒண்ணு இருக்கு, 1946ல ராஸ்முசன்ங்கிற ஆராய்ச்சியாளர் விவரிச்சது, பெரிய சத்தத்துல வெளிவரிசை செல்கள கொஞ்சம் அடக்கி காத காக்கும். அத நம்பி மெஷின் பக்கம் முழு ஷிஃப்டும் நிக்க முடியாது. 8 மணிநேர வேலைக்கு 85 டெசிபல் எல்லைன்னு பரிந்துரை இருக்கு, கை எட்டுற தூரத்துல நிக்கிறவர்கிட்ட கத்திப் பேச வேண்டி வந்தா அந்த எல்லைய தாண்டியிருக்கும்னு வச்சுக்கங்க. காதடைப்பான் கேளுங்க, தனியா கேக்க பயமா இருந்தா நாலு பேரா சேந்து கேளுங்க, அது உங்க உரிமை. காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு போயி செவிப் பரிசோதனையும் எடுங்க. ஒரு காதுல மட்டும் சத்தம் வந்தா, இல்ல திடீர்னு கேக்காம போனா, நாள் கடத்தாம உடனே போங்க.

கேள்வி: எங்க அம்மாயிக்கு தப்பு மேளச் சத்தம் கேக்குது, கூப்பிட்டா கேக்குது, ஆனா கல்யாண வீட்டுல பக்கத்துல இருந்து பேசினாலும் வெளங்கலங்கிறாங்க. நடிக்கிறாங்களா? (வாசகி, ஹட்டன்)

பதில்: தயவு செஞ்சு அப்படி நினைக்காதீங்க. வயசான எலிகளோட மூளையில, காதுல இருந்து சத்தம் போற பாதையில நடுமூளைப் பகுதியில காபாங்கிற அடக்குற ரசாயனம் குறையுதுன்னு 1990ல டொனால்ட் காஸ்பரிங்கிற ஆராய்ச்சியாளரோட குழு காட்டினாங்க. அடக்கல் குறைஞ்சா சத்தத்துக்கு நடுவுல வர்ற சின்னச் சின்ன இடைவெளி மங்கிப் போகும். "பாடு"க்கும் "பாட்டு"க்கும் நடுவுல உள்ள வித்தியாசத்துல பெரும்பங்கு அந்த நொடிநேர மௌனம்தான், அது மங்கினா பேச்சு கேக்கும், வெளங்காது. மனுசருக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம், மயிர் செல் தேய்றதும் சேந்துதான் வரும். கத்திப் பேசினா சரி வராது. டீவிய நிப்பாட்டிட்டு, வெளிச்சத்துல முகம் தெரிய உக்காந்து, நிறுத்தி நிதானமா பேசுங்க. அதுக்கு முந்தி காதுல குறும்பி அடைச்சிருக்கான்னு ஒருக்கா டொக்டர்கிட்ட காட்டிருங்க, பல பேருக்கு பாதிப் பிரச்சினை அதுலயே தீந்திருது.