கதவைப் பூட்டவிடாத பிள்ளை

கேள்வி: எங்கள் முயல் பஞ்சு இறந்து ஒரு மாதமாகிறது. 7 வருடம் பிள்ளை மாதிரி வளர்த்தேன். அன்று சாயங்காலத்திலிருந்தே எதையும் தின்னவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம், விடிவதற்குள் போய்விட்டது. தப்பு என்னுடையதா? அதன் நினைவாக ஆல்பம் செய்யட்டுமா, பெரிய படமாகச் சட்டம் போட்டு மாட்டட்டுமா? என் மகனுக்கு 8 வயது. அவனிடம் 'ஓடிப்போய்விட்டது' என்று சொல்லி வைத்திருக்கிறோம். ராத்திரி கதவைப் பூட்டவிடாமல் அடம்பிடிக்கிறான், அது வேறு தொல்லை. அவன் செருப்பில் பஞ்சு மோவாயைத் தேய்க்கும் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

பதில்: தப்பா என்று கேட்டீர்கள். கொஞ்சம் தப்புதான். முயலின் குடல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் கிடந்தால் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலியை வெளியே காட்டாத பிராணி, அதனால் பலர் ஏமாந்துபோகிறார்கள். நீங்களும் ஏமாந்தீர்கள். அதை இத்தோடு விடுகிறேன், எனக்குப் பெரிதாகப் படுவது வேறு.

'அது வேறு தொல்லை' என்று எழுதினீர்களே, அதைத்தான் சொல்கிறேன். எது தொல்லை? பஞ்சு திரும்பி வரும்போது கதவு சாத்தியிருக்கக் கூடாதே என்று ஒரு குழந்தை ஒரு மாதமாகக் காவல் இருக்கிறான். கதவைத் திறந்து போட்டது நாம்தானோ என்று அவன் மனசுக்குள் எத்தனை முறை கேட்டுக்கொண்டானோ! அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி.

முயலின் மோவாய்க்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. அதை ஒன்றின் மேல் தேய்த்தால் 'இது என்னுடையது' என்று அடையாளம் வைக்கிறது என்று அர்த்தம். அவன் செருப்புக்கே அடையாளம் வைத்த முயல், அவனை விட்டுவிட்டு ஓடிப்போயிற்றாம். சொல்ல வாய் வந்ததே உங்களுக்கு!

நாய், கிளி, மீன் என்று இந்தப் பொய்யை நிறையக் கடிதங்களில் பார்த்துவிட்டேன். ஒரு வீட்டில் தாத்தாவையே 'ஊருக்கு' அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் சொல்வது பிள்ளை தாங்கமாட்டான் என்று. தாயே, தாங்காதது நீங்கள். 'ஏம்மா அன்னிக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகல?' என்று அவன் கேட்டுவிடுவானோ என்ற பயம் உங்களுக்கு. பெற்றவர்கள் அந்தக் கேள்விக்கு முன்னால் தலைகுனிந்து உட்காரத்தான் வேண்டும். அதற்குப் பயந்து பழியைப் பிள்ளை தலையில் போடுவது எனக்குச் சகிக்கவில்லை.

இன்றைக்கே சொல்லுங்கள். அவன் அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும், நழுவ விடாதீர்கள். 'தூங்கிவிட்டது', 'சாமிகிட்ட போயிடுச்சு' என்றெல்லாம் சுற்றி வளைக்காமல் 'செத்துப்போச்சு' என்றே சொல்லுங்கள். அன்று ராத்திரி நடந்ததையும், நீங்கள் சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கத்துவான், இரண்டு நாள் முகம் கொடுக்கமாட்டான். கொடுக்க வேண்டாம். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டால் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

ஆல்பமா, படமா என்பதை அவனிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை. அதுவரை ராத்திரி கதவுப் பக்கம் நீங்கள் போகாதீர்கள். பூட்டுகிற அன்றைக்கு அவனே பூட்டட்டும்.