டீச்சரிடம் கேளுங்கள்: கடல் பார்க்காத அம்மாவும் காலிக் கோட்டையும்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம் டீச்சர். அம்மாவுக்கு 67 வயது. 38 வருசம் கொழுந்து பறித்தவர், கடலை டி.வி.யில்தான் பார்த்திருக்கிறார். பொங்கலோடு சேர்த்து மூன்று நாள் லீவு வருகிறது. மகளுக்கு 13, மகனுக்கு 9. தெற்கே கடலோரம் காலி டவுனில் இருக்கிற கோட்டைக்குப் போக ஆசை. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, நடுச்சாமத்தில் புறப்பட்டு அன்றிரவே திரும்பிவிடலாம் என்கிறார் கணவர். என் தம்பி கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் கடையொன்றில் வேலை செய்கிறான். எப்படிப் போவது, என்ன பார்ப்பது?

பதில்: வேன் வேண்டாம் தங்கச்சி. பட்டவள் சொல்கிறேன். ஒரு முறை 42 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி, நீங்கள் சொல்கிற மாதிரியே நடுச்சாமத்தில் புறப்பட்டோம். கினிகத்தேனை வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி. கோட்டை வாசலில் இறங்கும்போது உச்சி வெயில். மலையில் போட்ட ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் மதில்மேல் ஏறினார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். நாற்பது நிமிடத்தில் எல்லாரையும் இறக்கி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். பரீட்சையில் காலிக் கோட்டை பற்றி எழுதச் சொன்னால் ஐஸ்கிரீமைப் பற்றித்தான் எழுதினார்கள்.

அந்தக் கோட்டையில் பார்க்க வேண்டியதே மதில்தான். மதில்மேல் காலையில் நடக்கலாம், பின்னேரம் நடக்கலாம், மத்தியானம் முடியாது. அதனால் ஓர் இரவு காலியில் தங்கியே ஆக வேண்டும்.

பொங்கலன்று வீட்டில் பொங்கிவிட்டு, ஹட்டனில் ரயில் ஏறி இரவு தம்பியிடம் போய்விடுங்கள். சீட் பதிவு செய்வதென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே செய்யுங்கள். மலைநாட்டு ரயிலில் வெள்ளைக்காரப் பயணிகள் நமக்கு இடம் வைப்பதில்லை. மழையில் மண்சரிந்து பாதை அடைபட்டிருக்கிறதா என்பதையும் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை நேரே காலிக்கு ஓடாதீர்கள். முதலில் கொழும்பு தேசிய மியூசியம். ஏன் என்கிறேன், கேளுங்கள். 1911இல் காலியில் ஒரு மதகில் கிடந்த கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டு என்று பொறித்திருக்கிறது. சீனத்தில் புத்தரையும், பாரசீகத்தில் அல்லாவையும், தமிழில் தேனாவரை என்ற ஊரின் தெய்வமான நாயனாரையும் வணங்கி, ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று காணிக்கைக் கணக்குச் சொல்கிறது. போர்த்துக்கேயர் இந்தத் தீவுக்கு வந்ததே 1505இல்தான். நம் தோட்டத்து மக்கள் கண்டிச் சீமைக்கு, அதாவது இந்த மலைநாட்டுக்கு, வந்தது இன்னும் முந்நூறு வருசம் கழித்து. ‘தோட்டத்துக்கு வந்த பாஷை’ என்று யாராவது உங்கள் மகளிடம் சொல்லியிருந்தால், அவளை அந்தக் கல்லின் முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். கல் இப்போது கொழும்பில் இருக்கிறது. காலியில் போய்த் தேடி ஏமாற வேண்டாம். (பொங்கலன்றே மியூசியத்துக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள், அன்று பொது விடுமுறை.)

அதன்பிறகு கொழும்பு கோட்டை ஸ்டேஷனிலிருந்து கரையோர ரயில். இரண்டரை, மூன்று மணி நேரம். அம்மாவை வலது பக்க ஜன்னலில் உட்கார வையுங்கள். வெள்ளவத்தை தாண்டினால் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே பாறைகள் மட்டும்தான். அவர் முதன்முதலாகக் கடலைப் பார்க்கும்போது ‘எப்படிம்மா இருக்கு’ என்று உடனே கேட்டுத் தொல்லை பண்ணாதீர்கள்.

காலி ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். உள்ளே போக டிக்கெட் இல்லை, அது வீடும் பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் உள்ள ஊர். அறை மட்டும் கோட்டைக்கு வெளியே, டவுனில் எடுங்கள். உள்ளே உள்ள அழகான ஓட்டல்களில் ஒரு கோப்பை டீயின் விலையை அம்மாவுக்குக் காட்டாதீர்கள். எத்தனை கிலோ கொழுந்து என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

நாலரை மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தருகே மதிலில் ஏறுங்கள். நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்று மூன்று கொத்தளங்கள் தரைப் பக்கத்தைக் காக்கின்றன. 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள்தான் இன்று நாம் பார்க்கிற அளவுக்குக் கட்டினார்கள். 1796இல் அது பிரித்தானியர் கைக்குப் போனது. கீழே கிரிக்கெட் மைதானம் தெரியும். டெஸ்ட் மேட்ச் நாளில் காசில்லாமல் மதிலிலிருந்தே பார்ப்பார்கள். மகன் அங்கிருந்து நகர மாட்டான், இழுத்துக்கொண்டு போங்கள்.

கடல் வலக்கைப் பக்கம் இருக்கிற மாதிரி நடந்தால் ட்ரைட்டன் கொத்தளம் வரும். இங்கே ஒரு காற்றாலை இருந்தது. கடல்நீரை இறைத்து நிலத்தடிச் சாக்கடைகளைக் கழுவ டச்சுக்காரர் செய்த ஏற்பாடு. தண்ணீர்க் குழாய்க்கு இன்னும் வரிசையில் நிற்கிற லயத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பு வரும், கோபமும் வரும். மதில் கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள், இடையிடையே பவளப்பாறைத் துண்டுகள் தெரியும்.

தென்முனையில் கொடிப்பாறை. அங்கே இளைஞர்கள் காசுக்காகக் கடலில் குதித்துக் காட்டுவார்கள். மதிலோரம் கைப்பிடிச் சுவரில்லை, சின்னவன் கையை விடாதீர்கள். கொஞ்சம் தள்ளி 1939இல் கட்டிய வெளிச்சவீடு, அதற்குக் கீழே சின்ன மணல்கரை. அம்மா காலை நனைக்க அந்த இடம் போதும். ஜனவரியில் தென்கரைக் கடல் சாந்தமாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை என்றால் நான் வேண்டாம் என்றிருப்பேன்.

2004 டிசம்பர் 26 சுனாமி வெளியே பஸ் ஸ்டாண்டையும் மைதானத்தையும் அடித்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த ஊரை இந்த மதில் பெரும்பாலும் காப்பாற்றிவிட்டது. நான் அடுத்த வருசம் போனபோது, தமிழ் பேசும் முஸ்லிம் அம்மா ஒருவர் வாசலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அன்றைக்கு மதில்மேல் நின்று பார்த்ததைச் சொன்னார். மீரான் பள்ளிவாசலை அவர்தான் காட்டினார். நான் அதுவரை அதைச் சர்ச் என்று நினைத்திருந்தேன்!

மறுநாள் விடிந்ததும் இன்னொரு சுற்று. 1755இல் கட்டிய டச்சுத் தேவாலயத்தில் தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். பழைய வாசலில் உள்பக்கம் டச்சுக் கம்பனிச் சின்னமும் சேவலும் 1669 என்ற வருசமும், வெளிப்பக்கம் பிரித்தானிய அரசச் சின்னமும் இருக்கின்றன. ஒரே வாசலுக்கு இரண்டு எசமான்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கடைகளுக்கு அரைமணி போதும்.

திரும்பும்போது கொழும்புக்குள் போக வேண்டாம். காலியில் அதிவேகப் பாதை பஸ் எடுத்து கொழும்புக்கு வெளியே மாகும்புரவில் இறங்கி, அவிசாவளை போய், அங்கே ஹட்டன் பஸ் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை அவிசாவளையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கொழும்பு ரயில் ஸ்டேஷனுக்குக் ‘கோட்டை’ என்று பெயர். கோட்டை எங்கே? (ஒரு மாணவன், தலவாக்கலை)

பதில்: பிரித்தானியர் காலத்திலேயே மதிலை இடித்துவிட்டார்கள் தம்பி. பெயர் மட்டும் மிச்சம்.

கேள்வி: பண்டாரவளையிலிருந்து கொழும்பைத் தொடாமல் காலிக்குப் போக வழி உண்டா?

பதில்: உண்டு. எல்ல, வெல்லவாய வழியாக ஹம்பாந்தோட்டைப் பக்கம் இறங்கி, கரையோரமாக மாத்தறை, பிறகு காலி. சொந்த வண்டி என்றால் மத்தளையில் அதிவேகப் பாதையில் ஏறிவிடலாம். ஆனால் கரையோரமாகவே போங்கள். மாத்தறைக்குச் சற்று முன்னால் தெவிநுவர வரும். மேலே சொன்ன கல்வெட்டில் வரும் தேனாவரை அதுதான். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். இப்போது விகாரையும் விஷ்ணு தேவாலயமும் இருக்கின்றன. தேங்காய் உடைக்க நினைத்தால் வாசலிலேயே வாங்கலாம்.