உடைத்துப் பார்த்தால்தான் கல் பேசும்

கே: அம்மா, மலைச்சரிவில் எடுத்த கல் ஒன்றில் மஞ்சளாகப் பளபளவென்று சின்னச் சின்னக் கட்டங்கள் ஒட்டியிருக்கின்றன. தங்கமாக இருக்குமா?

ப: கட்டம் கட்டமாக என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் அடிக்கடி கனசதுரமாக வளரும். தங்கம் பெரும்பாலும் தகடாகவோ, பொடியாகவோ, உருவமில்லாத கட்டியாகவோதான் கிடைக்கும். உறுதிப்படுத்த, மெருகு பூசாத பீங்கான் ஓட்டின் பின்பக்கத்தில் கல்லை அழுத்தித் தேயுங்கள். தங்கம் மஞ்சள் கோடு போடும். பைரைட்டின் கோடு பச்சை கலந்த கருப்பு. கட்டியின் நிறத்தைவிடப் பொடியின் நிறம் நம்பகமானது. ஹெமடைட் என்ற இரும்புத் தாது வெள்ளி போலவும் இருக்கும், கருப்பாகவும் இருக்கும். ஆனால் தேய்த்தால் எப்போதும் செம்பழுப்புதான்.

ஊசியால் நெம்பும்போது ஏடு ஏடாக உரிந்து வந்தால், அது வெயிலிலும் மழையிலும் நிறம் மாறிய மைக்கா, அதாவது காக்காப்பொன்.

கே: வெள்ளைக் கற்கள் எல்லாமே எனக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. குவார்ட்ஸ், கால்சைட், பெல்ஸ்பார் என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

ப: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். முதலில் நிறத்தை ஒதுக்கிவையுங்கள். கொஞ்சம் இரும்பு கலந்து, இயற்கைக் கதிர்வீச்சும் பட்டுவிட்டால் அதே குவார்ட்ஸ் ஊதா நிறச் செவ்வந்திக்கல் ஆகிவிடும்.

அப்புறம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மூலையைச் சுத்தியலால் உடையுங்கள். வெளித்தோலைப் பார்த்துப் பெயர் சொல்லக் கூடாது என்பதில் நான் மிகவும் கண்டிப்பு. உடைந்த புதுப் பரப்பில் எஃகுக் கத்தியை வைத்துக் கீறுங்கள். கால்சைட் எளிதில் கீறுபடும். மற்ற இரண்டும் அசையாது. கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாகக் கல்லின்மேல் ஒட்டிக்கொள்ளும். நிறையப் பேர் அதையே கீறல் என்று எழுதிவிடுகிறார்கள். நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்பட்டால்தான் கீறல்.

இந்தக் கீறல் வரிசையை 1812-இல் வகுத்தவர் பிரெடெரிக் மோஸ் என்ற ஜெர்மானியர். மிக மென்மையான டால்க் 1, கால்சைட் 3, பெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, மிகக் கடினமான வைரம் 10. எது எதைக் கீறும் என்பதை மட்டுமே இந்த எண்கள் சொல்லும். 10 என்பது 5-இன் இரு மடங்கு என்று கணக்குப் போடாதீர்கள்.

சரி, குவார்ட்ஸையும் பெல்ஸ்பாரையும் எப்படிப் பிரிப்பது? இரண்டுமே கண்ணாடியைக் கீறிவிடும். இங்கேதான் உடைந்த விதம் கைகொடுக்கிறது. கல்லை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு தட்டையான முகம் முழுதும் சட்டென்று மின்னி, இன்னும் சுமார் 90 பாகை திருப்பியதும் அடுத்த முகம் மின்னினால் அது பெல்ஸ்பார். உள்ளே அணுப்பிணைப்பு பலவீனமாக இருக்கும் தளங்களில் அது பிளந்திருக்கிறது. குவார்ட்ஸில் அப்படிப்பட்ட தளம் தெளிவாக இல்லை. அது தடித்த கண்ணாடி உடைந்ததுபோல வளைவு வளைவாக உடையும். கால்சைட்டோ மூன்று திசைகளில் பிளந்து சாய்ந்த பெட்டியாக நிற்கும். அதைத் தட்டினால் சின்னச் சின்னதாக மறுபடியும் அதே சாய்ந்த பெட்டிகள்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் உடனே நுரைக்கும். அதன் உறவான டோலமைட்டைப் பொடியாக்கினால்தான் நன்றாக நுரை வரும்.

கே: கிரானைட்டிலும் நைஸ் பாறையிலும் ஒரே கனிமங்கள்தான் என்றால், ஏன் இரண்டு பெயர்? (கல்லூரி மாணவி ஒருவர்)

ப: கனிமத்துக்கு வேதியியலும் அணு அமைப்பும் போதும், பாறைக்கு அதன் வரலாறும் வேண்டும். பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியது கிரானைட், அது தீப்பாறை. அதன் கனிம மணிகள் திசையில்லாமல் ஒன்றோடொன்று கோத்திருக்கும். அதே பாறை ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் தாங்கி, கனிமங்கள் வெளிர்பட்டை, கரும்பட்டை என்று பிரிந்து அடுக்கானால் நைஸ், உருமாறிய பாறை. அதே குழம்பு எரிமலை வழியாக வெளிவந்து வேகமாக ஆறியிருந்தால், மணிகள் கண்ணுக்குத் தெரியாத ரயோலைட் ஆகியிருக்கும்.

கல் வணிகத்தில் 'கருப்பு கிரானைட்' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் கேப்ரோ, டோலரைட் என்ற கருநிறத் தீப்பாறை வகைகள். பாறைகளைப் படிக்கும் எங்கள் வகைப்பாட்டில், பாறையின் குவார்ட்ஸையும் பெல்ஸ்பார்களையும் மட்டும் கூட்டினால் அதில் குவார்ட்ஸ் 20 முதல் 60 விழுக்காடு இருப்பது கிரானைட்டுக்கு அடிப்படை நிபந்தனை. உங்கள் தேர்வுத் தாளில் இதையே எழுதுங்கள்.

கே: லென்ஸ், கத்தி, அமிலம் இவற்றோடு முடிந்துவிடுமா?

ப: களத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். மணிகள் மிக நுண்ணியவை என்றால் பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, முனைவாக்கிய ஒளி (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) நுண்ணோக்கியில் பார்ப்போம். அந்தக் கனத்தில் குவார்ட்ஸ் சாம்பல் வெள்ளையாகத்தான் தெரியும். களிமண் கனிமங்கள் அதற்கும் பிடிபடாத அளவு நுண்ணியவை, அவற்றுக்கு எக்ஸ் கதிர்ச் சோதனைதான் வழி.