சாவிக் கொத்து அவரிடமே இருக்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 53. திருமணம் செய்துகொள்ளவில்லை. 2008 முதல் 2019 வரை ஆப்பிரிக்காவில் உள்ள மலாவியில், தலைநகர் லிலோங்வேயிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஊழியம் செய்தேன். பிரசவ வார்டையும் பார்த்தேன், மாணவிகளுக்குப் பயிற்சியும் கொடுத்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஊருக்குத் திரும்பினேன். போன வருடம் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அம்மாவுக்கு 79 வயது, என்னோடு இருக்கிறார்கள். மலாவி எனக்கு இரண்டாவது வீடு. இன்றும் சிச்சேவா மொழியில்தான் கனவு வருகிறது. அங்கே கட்டிய சித்தெஞ்ஜே துணிகளை அந்துருண்டை போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். திரும்பிப் போகிறேன் என்றால் தம்பி, "இங்கே ஊழியத்துக்கு இடமே இல்லையா?" என்கிறான். நான் சாவிக் கொத்தை ஒப்படைத்துவிட்டு வந்த பெண், என் மாணவி, இப்போது அங்கே மேட்ரன். என்னைக் கூப்பிடுவது ஆண்டவரா, என் ஏக்கமா? போகலாமா?
பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்.

பதில்: சகோதரிக்கு,

ஆண்டவரா ஏக்கமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பதினோரு வருடம் பிள்ளைப்பேறு பார்த்த ஊரை நினைத்து நீங்கள் ஏங்கவில்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஏக்கம் பாவமில்லை. அதற்கு "அழைப்பு" என்று பெயர் வைத்துச் சபையில் எழுந்து சாட்சி சொல்லிவிடுகிறோமே, அங்கேதான் சிக்கல். அழைப்பு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. உங்கள் தம்பியும் கேட்க முடியாது, அந்த மேட்ரனும் கேட்க முடியாது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கனவு இருக்கிறது, துணி இருக்கிறது, தம்பி இருக்கிறார். அங்கிருந்து யாராவது "வாருங்கள்" என்று சொன்னார்களா? அந்த ஒரு வரியைத்தான் காணவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். எண்பதுகளில் நானும் என் கணவரும் ஸாம்பியாவில், மலாவி எல்லையை ஒட்டிய சிப்பாட்டா பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களாக இருந்தோம். ஊருக்கு வந்து ஐந்து வருடம் கழித்து அதே பள்ளிக்குத் திரும்பினோம். போன முதல் வாரமே நான் லேப் அலமாரியைத் திறந்து, முன்பு நான் வைத்திருந்த வரிசைப்படி பாட்டில்களை எல்லாம் அடுக்கினேன். என்னிடம் படித்த பையன்தான் அப்போது அங்கே சயன்ஸ் மாஸ்டர். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "ஸிக்கோமோ, மேடம்" என்றான், நன்றி என்று. மறுநாள் காலை பாட்டில்கள் எல்லாம் அவன் வரிசையில் இருந்தன. அவன் முகம் கோணவில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. எனக்கு மட்டும் காது வரை சுட்டது.

அந்தப் பக்கத்துப் பழமொழி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்: "ம்லெண்டோ அமாட்ஸா ன்டி கலுமோ ககுத்வா." வெளியாள்தான் கூரான கத்தி கொண்டுவருவான். உள்ளே இருப்பவர்கள் கண்ணுக்குப் படாதது வந்தவன் கண்ணுக்குப் படும் என்று அர்த்தம். பதினோரு வருடத்தில் உங்கள் கத்தி மழுங்கியிருக்கும், நீங்கள் உள்ளாள் ஆகிவிட்டீர்கள். விலகி இருந்த வருடங்களில் மறுபடி கொஞ்சம் கூர் ஏறியிருக்கலாம். ஆனால் அதை உறையிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டியவர் மேட்ரன்.

ஏனென்றால் நீங்கள் இல்லாத அந்த வருடங்கள் அவர்களுக்குச் சாதாரண வருடங்களாக இருக்கவில்லை. கொரோனா வந்தது. 2022-ல் தொடங்கிய காலராவில் நாடு முழுவதும் 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கு மலாவியைச் சிதைத்தது. அதே வருடம் நவம்பரில் மலாவிப் பணத்தின் மதிப்பு சரிந்து, 1,180 குவாச்சாவாக இருந்த ஒரு டாலர் ஒரே நாளில் 1,700 ஆனது. அந்த நாட்களில் வார்டில் நின்றவர்கள் அவர்கள். "நான் இருந்தபோது இப்படிச் செய்வோம்" என்று நீங்கள் வாயெடுத்தால் அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், என் சயன்ஸ் மாஸ்டரைப் போல. இன்னொன்று: சபை தாங்குதலாக அனுப்பும் ரூபாய் அங்கே பெருத்திருக்கும், அவர்கள் சம்பளம் இளைத்திருக்கும். ஒரே மேஜையில் ந்ஸிமா, அந்த மக்காச்சோளக் களியை, சாப்பிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி லெஸ்லி நியூபிகினை நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை - இராமநாதபுரம் பேராயர் ஆனார். 1959-ல் லண்டன், ஜெனீவா வேலைகளுக்குப் போய்விட்டு 1965-ல் திரும்பி வந்தார். வந்தது மதுரைக்கு அல்ல, சென்னைக்கு. அவர் காரணம் எதுவாகவும் இருக்கட்டும், எனக்கு அதில் ஒரு வசதி தெரிகிறது: பழைய நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் வேலை செய்ய வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதே ஆஸ்பத்திரிக்குப் போவதானால் உங்கள் மாணவியின் கீழ் வேலை செய்யப் போகிறீர்கள். நைட் டியூட்டி போட்டால் பார்க்க வேண்டும். முடியுமா? முடியும் என்று மனம் உடனே சொன்னால் இன்னும் ஒரு வாரம் யோசியுங்கள்.

இனி தம்பி. "இங்கே ஊழியத்துக்கு இடமில்லையா" என்று அவர் கேட்பதை ஊழியத்தைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டு வசனம் காட்டிப் பதில் சொல்லாதீர்கள். பதினோரு வருடம் அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது யார்? அவர்தானே? மறுபடி அம்மா என் பொறுப்பா என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பணக் கணக்கு, பகலில் அம்மாவோடு இருக்க ஒரு ஆள், அவசரத்துக்கு நீங்கள் எத்தனை நாளில் வந்து சேர முடியும் என்பது. ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அம்மாவிடமும் கேளுங்கள். கடிதத்தில் அம்மாவின் வயது இருக்கிறது, விருப்பம் இல்லை.

போகலாமா என்றால், போகலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதலில் மூன்று மாதத்துக்கு. மேட்ரனுக்கு சிச்சேவாவில் கடிதம் எழுதுங்கள். "நான் வரட்டுமா" என்று கேட்காதீர்கள், பெரியவர் கேட்டால் வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். "உங்களுக்கு இப்போது எந்த வேலைக்கு ஆள் குறைவு, அதற்கு யார் பொருத்தம்" என்று கேளுங்கள். பதிலில் உங்கள் பெயர் வராமலும் போகலாம். அதற்கும் தயாராகவே எழுதுங்கள். வந்தால், வேலை அனுமதிக்கு ஆஸ்பத்திரி பக்கமிருந்துதான் காகிதம் நகர வேண்டும்; நர்சிங் கவுன்சில் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். மலேரியா மாத்திரையை விடாதீர்கள், முன்பு பழகிய உடம்பு என்ற நம்பிக்கை இனி செல்லாது.

நியூபிகின் 1974-ல் ஓய்வுபெற்று மனைவியோடு இங்கிலாந்துக்குப் போனபோது இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பையோடு பஸ் மாறி மாறித் தரைவழியாகவே போனாராம். நீங்களும் குறைவாகவே எடுத்துப் போங்கள். சித்தெஞ்ஜேயில் ஒன்று போதும், மற்றதை மேட்ரனோடு சந்தைக்குப் போய் அங்கேயே வாங்கலாம். அந்துருண்டை வாடை போக அந்த ஒன்றை இரண்டு நாள் வெயிலில் போட வேண்டியிருக்கும். அவர் பதில் வந்த பிறகு போடுங்கள்.