ஏபிஏ (நடத்தைப் பகுப்பாய்வு) தெரபிஸ்ட்: சான்றிதழ் வேறு, உரிமம் வேறு (கேள்வி பதில்)

தங்கச்சிமடம்: அக்கா, பையனுக்கு ஆட்டிசம். அவன் போற சென்டர்ல "ஆர்பிடி"னு ஒரு அமெரிக்க சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி மாட்டியிருக்காங்க. அது கவர்மென்ட் லைசென்ஸா?

இல்லை அண்ணே. அதைக் கொடுப்பது பிஏசிபி என்ற தனியார் வாரியம். 1998-ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆர்பிடி (பதிவுபெற்ற நடத்தை டெக்னீஷியன்) அதன் அடிமட்ட நிலை: 40 மணி நேரப் பயிற்சி, செய்துகாட்டும் மதிப்பீடு, பிறகு தேர்வு. அவர் தானாகத் திட்டம் போடக் கூடாது. தகுதியுள்ள மேற்பார்வையாளர் போட்டதைத்தான் நடத்தலாம். மாதம் சிகிச்சை தரும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை வேண்டும், அதாவது 80 மணி நேரத்துக்கு 4 மணி. "உங்க சூபர்வைசர் யாரு, போன மாசம் எப்ப பாத்தாங்க?" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அங்கேதான் சிக்கல்.

வழங்கிய தேதியையும் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் இந்தியாவில் வசிப்பவர்களிடம் புதிய விண்ணப்பத்தை அந்த வாரியம் வாங்குவதில்லை. முன்பே வாங்கியவர்கள் புதுப்பித்து வைத்திருக்கலாம்.

மண்டபம்: அப்ப நம்ம நாட்டுல இதுக்கு லைசென்ஸே கிடையாதா?

சட்டத்தில் இடம் இருக்கிறது. 2021-ன் தேசிய இணை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் நடத்தைப் பகுப்பாய்வாளரும் ஒரு தொழில். பதிவேடு வைப்பது மாநிலக் கவுன்சிலின் வேலை. "பதிவு வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவரிடம் கொடுக்கும் முன், அந்தத் தொழிலுக்குக் கவுன்சில் விண்ணப்பம் வாங்குகிறதா என்று நேரில் கேளுங்கள்.

1992-ன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் தனி. அந்தக் கவுன்சிலின் (ஆர்சிஐ) பட்டியலில் மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் உண்டு. நடத்தைப் பகுப்பாய்வாளர் இல்லை. அந்தப் பட்டியலில் உள்ள தொழிலைப் பதிவில்லாமல் செய்தால் 13-ம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்க்கு இன்று யார் பயப்படுவார் என்பது வேறு விஷயம்.

கீழக்கரை: ஆன்லைன்ல 40 மணி நேர கோர்ஸ் முடிச்சிட்டேன். வீட்டு மாடியில சென்டர் வைக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. கோர்ஸ் முடித்த சீட்டு ஆர்பிடி கூட ஆகாது. மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்த 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50-ம் பிரிவுப்படி பதிவு வேண்டும். ஆட்சியர் வளாகத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். தொழிலாகவே எடுப்பதானால் ஆர்சிஐ அங்கீகரித்த சிறப்புக் கல்விப் படிப்பில் சேருங்கள். சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது.

அலுவலகப் பணியாளர், ராமநாதபுரம்: பதிவு கேட்டு வரும் கோப்புகளில் ஊழியர் சான்றிதழ்கள் இருக்கும். எப்படிச் சரிபார்ப்பது?

விண்ணப்பதாரர் தரும் நகலைச் சான்றாக எடுக்கவே கூடாது. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, வழங்கிய அமைப்பின் இணையதள முகவரியை நீங்களே தட்டித் தேடுங்கள். சான்றிதழில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். அது போலிப் பக்கத்துக்கும் கூட்டிப் போகும். நிலை, காலாவதித் தேதி, ஒழுங்கு நடவடிக்கை, மேற்பார்வை நிபந்தனை ஆகிய நான்கையும் பார்த்து, பார்த்த தேதி நேரத்துடன் அச்செடுத்து, சுருக்கொப்பமிட்டுக் கோப்பில் கோத்து வையுங்கள். ஆணையில் கையெழுத்தாகும் அன்று மறுபடி ஒருமுறை பாருங்கள். கோப்பு மேசை மேசையாக நகரும் மாதங்களில் சான்றிதழ் காலாவதியாகிவிடும். அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்தது பெயர். ஆதாரில் "மு. செய்யது இப்ராஹிம்", பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முழுசாக, வெளிநாட்டுப் பதிவேட்டில் அதுவே குடும்பப் பெயர், எழுத்துக்கூட்டலும் மூன்று விதம். பெயரை வைத்து ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பதிவெண்ணும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் வழங்கிய அமைப்புக்கே மின்னஞ்சல் அனுப்பி, பதிலை நேரடியாக அலுவலக முகவரிக்கு வரவழையுங்கள்.

தேர்வில் தேறியது மட்டும் போதாது. அதே வாரியத்தின் பிசிபிஏ என்ற பகுப்பாய்வாளர் நிலைக்கு முதுகலைப் பட்டமும், வழக்கமான வழியில் 2,000 மணி நேர மேற்பார்வைக் களப்பணியும் கேட்கிறார்கள். பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடம் தனியே உறுதி செய்யுங்கள்.

பாம்பன், ஆசிரியை: வகுப்பில் ஸ்டார் கொடுத்துப் பழக்குகிறேன். எனக்கும் உரிமம் வேண்டுமா?

வேண்டாம் டீச்சர். அது உங்கள் பாடம் நடத்தும் வேலைக்குள் அடங்கும். வெளியே போர்டு மாட்டிக் கட்டணம் வாங்கினால் கதை வேறு.

ராமேஸ்வரம், சட்ட மாணவர்: நடத்தைப் பகுப்பாய்வுத் தொழிலுக்கான மாநில விதிகளுக்குக் கருத்து எழுத வேண்டும். எதை வலியுறுத்துவது?

எது இந்தத் தொழில் என்ற வரையறையை முதலில் கட்டுங்கள். நியூயார்க் 2014-ல் உரிமம் கொண்டுவந்தபோது ஆட்டிசத்தோடு நிறுத்திக்கொண்டது. பிறகு சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. பெற்றோர், ஆசிரியர், மேற்பார்வையில் பயிலும் மாணவர் ஆகியோருக்கு விலக்கு எழுதுங்கள். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்குச் சலுகை கொடுத்தால் முடிவுத் தேதியும் கொடுங்கள்; தேதி இல்லாத சலுகை பின்வாசலாகிவிடும். ஒரே தனியார் வாரியத்தின் சான்றிதழை விதியில் பெயர் சொல்லிப் பூட்டவும் வேண்டாம். அந்த வாரியம் கதவை மூடினால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 2023-ல் நடந்தது அதுதானே. உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும், அதற்கு முன் விளக்கம் கேட்கும் நடைமுறையும் சேர்ந்தே இருக்கட்டும்.

ஏர்வாடி: சென்டர்ல பிள்ளையைத் துப்பட்டாவால நாற்காலியில கட்டிவச்சிருந்தாங்க. தெரபின்னு சொல்றாங்க. யாருகிட்ட போறது?

இதற்கு உரிமம் இருக்கிறதா இல்லையா என்று காத்திருக்க வேண்டாம்மா. உடனே குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது காவல் நிலையம். உங்கள் ஊருக்கு இது தெரியாததல்ல: 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைப்பதை 2017 மனநலச் சட்டத்தின் 95-ம் பிரிவு தடை செய்கிறது.

பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு எழுத்தில் புகார். பார்த்த நாள், நேரம், யார் கட்டியது, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். ரசீது, உடம்பில் தடம் இருந்தால் அன்றே எடுத்த படம், மருத்துவர் குறிப்பு மூன்றையும் நகலாக இணையுங்கள். சிகிச்சைத் திட்டத்தையும் தினசரி தரவுத்தாளையும் சென்டரிடம் எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் அதையும் புகாரில் சேருங்கள். மனுவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள்; உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் போட்டு ஒப்புகை வாங்குங்கள்.